ஓட்டுநர் உள்ளே வந்த நாள்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து இந்த ஆள் ஏன் இப்படி எரிந்து விழுகிறான் என்று கேட்க வேண்டாம். சுற்றுலா வேன் ஓட்டிப் பாருங்கள், தெரியும். ஏறும்போதே ஒருவர், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்பார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் இன்னொருவர் அதையே கேட்பார். நான் கண்ணாடியில் பார்த்து முறைப்பேன். உடனே முன்சீட்டிலிருந்து மைக்கில் ஒரு குரல் வரும். “நம்ம டிரைவர் தம்பியைப் பார்த்தா கோபக்காரர் மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, நிஜமாவே கோபக்காரர்தான்.” வண்டி முழுக்கச் சிரிக்கும். வேறு வழியில்லாமல் நானும் பல்லைக் காட்டுவேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் குடையக்கா. சுற்றுலா வழிகாட்டி. வெயிலோ மழையோ, ஆரஞ்சு நிறக் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், கூட்டம் பின்னால் போகும். அதனால் வந்த பெயர். எங்களுடையது ஒருநாள் பயணம். காலையில் விடுதி விடுதியாகப் போய் ஆட்களை ஏற்றி, தேசியப் பூங்காவின் கீழ் வாசலில் இறக்கிவிடுவேன். உள்ளே ஏரிகள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பி அருவியாகக் கீழ் ஏரியில் விழும், அது நிரம்பி அடுத்ததில் விழும். தண்ணீருக்கு மேலேயே பலகை அடித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். அக்கா அந்தப் பாதையில் கூட்டத்தை மெல்ல மேலே கூட்டிப்போவார். நான் வண்டியை மலையைச் சுற்றி ஓட்டிப்போய் மேல் வாசலில் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் வரை காத்துக் கிடப்பேன்.

இத்தனையும் நான் காதால் கேட்டது. கண்ணால் பார்த்ததில்லை. தலை நரைக்கிற அளவுக்கு அந்தப் பாதையில் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஆனால் வாசலைத் தாண்டி ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஓட்டுநர்கள் யாருமே வைப்பதில்லை. வண்டியைத் துடைக்க வேண்டும், தூங்க வேண்டும், சீட்டாட வேண்டும், எங்களுக்கும் வேலை இருக்கிறதல்லவா? ஓட்டுநர் உள்ளே நடந்து போவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். உள்ளே போனில் சிக்னல் கிடையாது. வழிகாட்டி வீட்டில் யாராவது செத்துப்போனாலோ, சாகக் கிடந்தாலோ, ஓட்டுநர்தான் போய்ச் சொல்லிக் கூட்டிவர வேண்டும். தாடிக்கார வழிகாட்டி ஒருவரின் அப்பா செத்துப்போன அன்று அவருடைய ஓட்டுநர் உள்ளே போனார். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பெரிய ஏரியின் படகுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

அக்கா முதலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. ஒரு நாள் அதிகாரி கூப்பிட்டு, “எல்லா அறிவிப்பையும் ஒரு தடவை நிறுத்தி நிதானமாச் சொல்லுங்கம்மா, பதிவு பண்ணிக்கிறோம்” என்றாராம். அக்காவும் சந்தோஷமாகப் பேசிக் கொடுத்தார். அடுத்த மாதம் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் குரலையே வைத்துக்கொண்டு அவரைத் துரத்தினார்கள் என்று இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அக்கா சிரிப்பார். “விடு தம்பி, நான் வீட்டுல தூங்கிட்டிருக்கும்போதும் அங்க வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு உழைப்பாளி உண்டா?”

அதன்பிறகுதான் இந்த வேலைக்கு வந்தார். வந்த புதிதில் மற்ற வழிகாட்டிகள் மாதிரி அருவிக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்திருக்கிறார், ஒருவருக்கும் காதில் விழவில்லை. பிறகு தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். பெரிய அருவிக்கு முந்திய வளைவிலேயே எல்லோரையும் நிறுத்தி, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிடுவார். “இதுக்கு மேல கண்ணுக்குத்தான் வேலை. காதுக்கும் வாய்க்கும் லீவு” என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போவார். அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்தவர்கள் ஊருக்குப் போய் எழுதுகிற பாராட்டில் முக்கால்வாசி அந்தப் பேசாத நேரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

போன குளிர்காலத்தில் அவர் குரல் கம்மியது. சளி என்றார். சளி போயிற்று, கம்மல் போகவில்லை. பேச்சின் நடுவே குரல் சட்டென்று அறுந்துபோகும், குளிரில் கிளம்பாத வண்டி மாதிரி இரண்டு மூன்று தடவை இழுத்துத்தான் திரும்ப வரும். “ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா” என்று நான் நாளைக்கு ஒரு தடவை சொன்னேன். கேட்கவில்லை. ஒரு நாள் பெட்ரோல் பங்கில் வைத்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். “நீங்க போகலைன்னா நாளைலருந்து நான் வண்டி எடுக்கமாட்டேன்.” அதற்குப் பிறகுதான் போனார்.

குரல்வளையில் கட்டி இருந்தது. கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். கெட்ட கட்டியாக இருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை அக்கா என்னிடம் சொன்னபோது வண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. பச்சை விழுந்தும் எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் எல்லோரும் ஹார்ன் அடிக்கிறார்கள். அக்கா, “என் குரலைக் கேட்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடு தம்பி, அங்க எப்பவும் இருக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வீட்டு முன்னறையில் துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர். தங்கமான மனிதர், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. தையல் ஊசியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவார், ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார். அக்காவுக்குத் தலைவலி என்றால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. “முடிவு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்று அக்கா தானே வைத்துக்கொண்டார். தூக்கம் போய்விட்டது. இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாகவும், மாமா பக்கத்தில் குறட்டை விடுவதாகவும் சொன்னார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, ஆள் பாதியாகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தொலைபேசி எண் கேட்டபோது என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் போன் உள்ளே எடுக்காது என்பதால். என்ன உறவு என்று கேட்டதற்குத் தம்பி என்று சொன்னாராம். கூடப் பிறந்த தம்பியா என்று நர்ஸ் கேட்க, “அவ்வளவு கோபம் வருதுன்னா கூடப் பிறந்ததாத்தான் இருக்கணும்” என்றாராம்.

முடிவு வர வேண்டிய நாளும் வந்தது. அன்றும் பயணம் இருந்தது. லீவு போடுங்கள் என்றேன். “வீட்டுல உட்கார்ந்தா அவர் முகத்தைப் பார்த்து உளறிடுவேன்” என்று வந்துவிட்டார். அன்றைய கூட்டத்தில் எதைக் கண்டாலும் ஆழம் எவ்வளவு என்று கேட்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். வழியில் ஒரு சாக்கடைப் பாலத்தைத் தாண்டும்போதுகூடக் கேட்டார். அக்கா சளைக்காமல் பதில் சொன்னார். சொல்லிவிட்டு மைக்கை அணைத்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கினார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினேன். என்னால் பார்க்க முடியவில்லை.

கீழ் வாசலில் இறங்கும்போது என்னிடம் வந்தார். “போன் வந்தா எடு. என்ன சொன்னாலும் கேட்டு வச்சுக்கோ. சாயங்காலம் இவங்களை எல்லாம் விடுதியில விட்டப்புறம் எனக்குச் சொன்னாப் போதும். அவங்க நாளைக் கெடுக்க வேண்டாம்.”

“சரிக்கா.”

“முகத்தை வேற தூக்கி வச்சுக்காதே. நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன்.”

“என் முகம் எப்பவுமே இப்படித்தானேக்கா இருக்கும்?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிக் குடையை விரித்தார்.

போன் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை வண்டியை நகர்த்தக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவசரத்தில் முதல் தடவை தப்பான பட்டனை அமுக்கித் துண்டித்துவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் நிதானமாகச் சொன்னார். புற்று இல்லை. அதிகம் பேசுகிறவர்களுக்கு வருகிற சாதாரணக் கட்டி. ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் தானே அமுங்கிவிடும்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். சொன்னார். “தப்பா வேற யாரோட முடிவையும் பார்த்துச் சொல்லலையே?” என்று கேட்டேன். அக்காவின் பெயர், வயது, முகவரி எல்லாம் படித்துக் காட்டினார். “நீங்க நல்லா இருக்கணும்மா” என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். கோபக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சொன்னால் போதும் என்றார் அக்கா. சாயங்காலம் வரைக்கும் அந்த மனுஷி பயத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஊராருக்கு ஆழம் சொல்லிக்கொண்டு நடப்பதா? இந்தச் செய்தியை மடியில் வைத்துக்கொண்டு நான் வண்டியில் தூங்குவதா? என்னால் ஆகாது. பக்கத்து வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் திணித்தேன். “யாரையாவது வச்சு இதை மேல் வாசல்ல கொண்டுபோய் விடு.”

“நீ எங்க போறே?”

“உள்ளே.”

அவர் முகம் மாறியது. “ஐயையோ, என்னப்பா ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்? டிக்கெட் பரிசோதகரும் என்னைக் கண்டதும் எழுந்து நின்று வழி விட்டார். இதென்ன திடீர் மரியாதை என்று நினைத்தேனே ஒழிய, என் மரமண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை.

உள்ளே எனக்கு வழி தெரியாது என்று யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. தினமும் வண்டியில் அக்கா சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். முதல் ஏரியில் தண்ணீர்மேல் சாய்ந்த மரம், அதற்கு இடதுபக்கப் பாதை. இரண்டாவது ஏரியில் மீன்கள், நின்றால் காலடிக்கு வரும், எதுவும் போடக்கூடாது. எல்லாம் அக்கா சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தன. தண்ணீரின் நிறத்தை மட்டும் அவர் எத்தனை சொல்லியும் நான் நம்பியதில்லை, வியாபாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாமல், அடியில் கிடக்கிற மரக்கிளையில் ஒட்டிய இலைகூடத் தெரிகிற மாதிரி கிடந்தது. ஓடுகிற ஓட்டத்தில் நின்று பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் இதற்கு வெளியே உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

பெரிய ஏரியைப் படகில் கடக்க வேண்டும். நீண்ட வரிசை. சண்டை போடத் தயாராகத்தான் போனேன். படகுக்காரர் என் சட்டையில் இருந்த ஓட்டுநர் அட்டையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், “வாங்க, முன்னாடி உட்காருங்க” என்றார். அக்கரையில் இறங்கும்போது என் தோளைத் தட்டி, “மனசைத் தேத்திக்கோங்க” என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு ஓடினேன். இப்போது சொல்லுங்கள், என்னைவிட மடையன் எங்காவது உண்டா?

வளைவு தாண்டியதும் பெரிய அருவி. சத்தம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. எதிரே ஒரு மரமேடையில் அக்காவின் கூட்டம் வாய் திறக்காமல் அண்ணாந்து நின்றது. ஆரஞ்சுக் குடை மட்டும் அவர்களுக்கு நடுவே தெரிந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அக்கா திரும்பினார். என்னைப் பார்த்தார்.

அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். இரத்தம் வடிந்தது போல வெளுத்துவிட்டது. குடை மெதுவாகக் கீழே இறங்கியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அருவி ஒரு சொல்லைக்கூடத் தாண்ட விடவில்லை. சாரலில் முகமெல்லாம் தண்ணீர், அது போதாதென்று அழுதழுது கண் வேறு சிவந்திருந்தது. வண்டி ஓட்டுகிற செருப்போடு ஈரப்பலகையில் ஓடினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் முன்னால் சறுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். அதைப் பார்த்ததும் அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து நொண்டிக்கொண்டே போய் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். “புற்று இல்லையாம். சாதாரணக் கட்டியாம். மருந்துகூட வேண்டாமாம்.”

அக்கா என் சட்டையைப் பிடித்தார். “பொய் சொல்றே.”

“சத்தியமாக்கா.”

“என்கிட்ட நடிக்காதே. எதுவா இருந்தாலும் சொல்லு, நான் தாங்கிக்கிறேன்.”

“ரெண்டு தடவை கேட்டேன். உங்க அட்ரஸ் வரைக்கும் படிச்சாங்க. ஒரு மாசம் பேசக்கூடாது, அவ்வளவுதான்.”

“அப்புறம் நீ ஏன்டா உள்ளே வந்தே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வேன்காரர், பரிசோதகர், படகுக்காரர் என்று எல்லோர் முகமும் வரிசையாக வந்து நின்றது. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். “நல்ல சேதிக்கும் வரலாம்னு நினைச்சேன்க்கா. யாரும் இதுவரைக்கும் வந்ததில்லைங்கறதை மறந்துட்டேன்.”

அக்கா குடையை மடக்கி, அதாலேயே என்னை அடித்தார். தோளில், முதுகில், கை வலிக்கிற வரைக்கும் அடித்தார். அடித்துவிட்டு என்மேல் சாய்ந்து அழுதார். நடுநடுவே சிரித்தார். ஆழம் கேட்கிற பெரியவர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இவர் யார், என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காதில் போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது. “என் தம்பி. இப்பத்தான் முதல் தடவை அருவியைப் பார்க்கிறார். அதான் அழறார், பாவம்.” பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மேலே இன்னும் இரண்டு ஏரிகள் இருந்தன. பேசக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். “அப்போ நீ பேசு” என்று குடையை என் கையில் கொடுத்துவிட்டார். பேசினேன். அவர் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். நகைச்சுவைகளையும் விடாமல் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை, அதே நகைச்சுவைதான். அக்கா மட்டும் கைப்பிடியில் சாய்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். பெரியவர் கடைசி ஏரியின் ஆழம் கேட்டார். “இறங்கிப் பார்த்துச் சொல்லுங்க” என்றேன். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

வண்டி கிளம்பி முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். முன்சீட்டில் வாய் திறந்து, தலை என் பக்கம் சாய்ந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். நான் மலையிறக்கம் முழுக்க ஹார்ன் அடிக்கவில்லை. என்னை முந்தியவர்களை யாரையும் திட்டவில்லை. ஒரு பள்ளத்தில்கூட வண்டியைத் தூக்கிப் போடவிடவில்லை. அவரவர் விடுதி வந்ததும் பயணிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பெரியவர் கதவைச் சாத்தாமல், சத்தம் வராதபடி பொருத்தி வைத்துவிட்டுப் போனார்.

அக்கா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நேரமாகிவிட்டதே என்று மாமா கழுத்தில் அளவு நாடாவோடு தெருவுக்கே வந்து நின்றிருந்தார். சாய்ந்து கிடக்கிற அக்காவைப் பார்த்ததும், “என்னாச்சு மாப்ளே?” என்று கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் அக்கா கண்விழித்தார்.

தூக்கக் கலக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஒரு முன்னுரையும் இல்லாமல் சொல்லிவிட்டார். “தொண்டையில கட்டி இருந்துச்சுங்க. ஒண்ணும் இல்லைன்னு இன்னிக்குச் சொல்லிட்டாங்க.”

“கட்டியா?”

“ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றேனே.”

“எப்பலருந்து?”

“டெஸ்ட்டுக்குக் கொடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லலை.”

மாமா மயங்கி விழுவார் என்று நான் இறங்கிச் சுற்றி ஓடினேன். விழவில்லை. வேன் படியில் உட்கார்ந்தார். நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, கோபத்தைப் பற்றி எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டு வாரமா பக்கத்துலதானே படுத்திருந்தேன்” என்றார் மாமா. “ராத்திரியெல்லாம் தனியாவா பயந்துட்டு இருந்தே?”

அக்கா இறங்கி அவர் பக்கத்தில், அந்தச் சின்னப் படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எஞ்சினை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து போனேன்.